ஒரு சொல்லும் சேர்க்காமல்

எங்கள் ஊரில் ஒரு சேதியை நம்பாதே என்று சொல்வதற்குச் சுருக்கமான வழி ஒன்று உண்டு. "அமிர்தசாமி சொன்னான்" என்றால் போதும். கேட்டவன் சிரித்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவான். அந்த அமிர்தசாமி நான்தான்.

புயல் அடித்த வருஷம் என் மாட்டுக் கொட்டகையின் கூரை பறந்துபோய் பாகூர் ஏரியில் இறங்கியது. கூரைமேல் அடைகாத்துக்கொண்டிருந்த கோழி ஒரு வாரம் கழித்து குஞ்சுகளோடு நடந்தே வீடு வந்து சேர்ந்தது. கூரை பறந்ததை ஊரில் யாரும் மறுப்பதில்லை. கோழி விஷயத்தில்தான் தகராறு. என் மனைவி கிரேஸ் மேரி அந்தக் கோழியைத் தன் கையால் குழம்பு வைத்தவள். அவளே, "எனுக்கு ஒண்ணும் தெரியாதுப்பா" என்று ஒதுங்கிக்கொள்வாள்.

ஊர் வில்லியனூருக்குத் தெற்கே, கரிக்கலாம்பாக்கம் போகிற பக்கம் இருக்கிறது. மாதா கோயிலைச் சுற்றி நான்கு தெரு. என் வீட்டுக்கு மூன்றாவது வீடு இன்னாசிமுத்துவுடையது. நான் சொன்ன எதையும் அவன் நம்பியதில்லை. எதையும் கேட்காமல் விட்டதும் இல்லை. நடுவில் சிரிக்க மாட்டான். "கோழி ரோட்டு வழியா வந்துச்சா, வரப்பு வழியா வந்துச்சா?" என்று கேட்பான். அப்படிக் கேட்கிற ஆள் கிடைப்பது கஷ்டம்.

அவன் குத்தகைக்குப் பயிர் வைத்த நிலம் வீட்டு மனைக்கட்டாகப் போயிற்று. அவனுடைய ஒரே பிள்ளை லியோ பிரகாஷ்தான் ஜேசிபி ஓட்டி அந்த நிலத்தைச் சமப்படுத்தினான். அப்பன் அண்டை வெட்டின வரப்பை மகன் வழித்துத் தள்ளினான். மத்தியானம் இரண்டு பேரும் அதே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தார்கள். அப்பன் அந்த மனைக்கட்டுக்கே வாட்ச்மேன் ஆனான். யாரும் அதற்காகக் கண்ணீர் விடவில்லை. சோறு வந்தது.

போன ஆவணியில் இன்னாசிக்கு நெஞ்சுவலி வந்தது. டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்து, நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன் செய்தார்கள். அன்று சாயங்காலம் லியோ பாகூர் பக்கத்து வேலையை முடித்துவிட்டு, அப்பனைப் பார்க்க வண்டியில் வந்தான். நல்ல மழை. ரோட்டோரம் விளக்குப் போடாமல் ஒரு லாரி நின்றிருந்தது. அது நிற்பது அவனுக்குத் தெரியவில்லை.

அவனையும் அதே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். மாடியில் புருஷன் கண் விழிக்காமல் கிடந்தான். கீழே பிணவறையில் பிள்ளை. நடுவில் படிக்கட்டில் காசம்மாள் நின்றாள். நான் போனபோது ஒரு கையால் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. டாக்டர் அவளிடம் சொன்னதை எனக்கும் சொன்னாள்.

"இப்போதிக்கு மனசு அதிர்ற மாதிரி எதுவும் அவரு காதுல வுழக்கூடாதாம் அண்ணே. வுழுந்தா நாங்க பொறுப்பில்லன்னுட்டாரு."

நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்வது?

"அண்ணே, நீ நல்லா பொய் சொல்வியே."

"ம்."

"இப்ப ஒண்ணு சொல்லு. அவன் எங்கியோ போயிருக்கான்னு சொல்லு. எனுக்கு ஒண்ணும் தோண மாட்டேங்குது."

ஐம்பது வருஷமாக ஊரே என்னைத் திட்டிய காரியத்துக்கு முதல்முறையாக ஒரு ஆள் வேலை கொடுத்தாள். அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து யோசித்தேன். டிராக்டர், மாடு, புயல், பேய் எல்லாம் மனதில் வந்து போயின. கடைசியில் ஒரு கப்பல் வந்தது.

மறுநாள் லியோவை அடக்கம் செய்தோம். இன்னாசி அப்போது மாடியில் குழாய்களோடு கிடந்தான். அவனுடைய அப்பன் ஆத்தாளைப் புதைத்த அதே குழியைத் திறந்துதான் பிள்ளையை வைத்தோம். எங்கள் ஊரில் குடும்பத்துக்கு ஒரு குழி. பெரியவர்களுக்கு மேலேயே சின்னவர்கள் போய்ப் படுப்பார்கள். சிலுவையில் பெயர் எழுத வேண்டாம் என்று காசம்மாள் சொல்லிவிட்டாள்.

அப்புறம் நான் ஊரைக் கூட்டினேன். எங்கள் ஊரில் திருவிழாத் தேர் எந்தத் தெருவழியே திரும்ப வேண்டும் என்பதில் இதுவரை ஒற்றுமை வந்தது கிடையாது. இந்த விஷயத்தில் ஒரே பேச்சில் வந்தது. இன்னாசி முன்னால் லியோ என்கிற பெயரையே எடுக்கக்கூடாது. பேச்சு அந்தப் பக்கம் போனாலே திருப்பிவிட வேண்டும். செல்போனில் யார் யார் அடக்கத்தைப் படம் பிடித்திருந்தார்களோ, கோயில் வாசலில் என் முன்னாலேயே அழிக்க வைத்தேன். ஒன்று கைமாறி இன்னாசி கைக்குப் போய்விட்டால்? பங்குச் சாமியாரிடமும் பேசினேன். முப்பதாம் நாள் பூசையில், மைக் இன்னாசி வீடுவரை கேட்கும் என்பதால், "மரித்த ஒரு விசுவாசிக்காக" என்று மட்டும் சொன்னார். அன்று பிரசங்கத்தில், திடம் என்பது பரிசுத்த ஆவியின் வரம் என்றார், காசம்மாளைப் பாருங்கள் என்று சொல்லாமல் சொல்லி வைத்தார். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

இன்னாசி வீட்டுக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நெஞ்சில் மேலிருந்து கீழே தையல். துணிக்கடைப் பொம்மை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். நான் போய் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக் கப்பலை இறக்கினேன்.

"லியோ கம்பெனில திடீர்னு ஆளு கேட்டுட்டாங்கடா. கடலுக்கு அடியில மண்ணு எடுக்கிற கப்பல். ஆப்பிரிக்காவுக்கு அந்தாண்ட. ஜேசிபிய கப்பல்லியே ஏத்திட்டாங்க. நீ ஆபரேஷன்ல இருந்தியா, உன்னாண்ட சொல்ல முடியல. சொல்லாம வந்துட்டோம், அப்பா திட்டுவாருன்னு பயந்துகினு எனுக்கு போன் பண்றான்."

"உனுக்கா?"

"எனுக்குத்தான். நடுக்கடல்ல டவர் இல்ல பாரு. வாரத்துக்கு ஒரு தபா கேப்டன் ரூம்பு போன்ல பேச வுடுவாங்க."

இன்னாசி என்னைப் பார்த்தான். கொஞ்சநேரம் பார்த்தான். அப்புறம், "கப்பல் எம்மா நீளம்?" என்றான்.

அந்தக் கேள்வி வந்ததும் எனக்கு உயிர் வந்தது. "இந்தக் கோடியில ஏறி அந்தக் கோடிக்குப் போறதுக்கு ஷேர் ஆட்டோ வுட்டிருக்கான்" என்றேன்.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் நான் அங்கே போனேன். கப்பலும் வாரத்துக்கு வாரம் வளர்ந்தது. ஒரு வாரம் ஜேசிபியின் பக்கெட்டை ஒரு மீன் விழுங்கிவிட்டது. லியோ கம்பெனிக்கு நஷ்டம் வரக்கூடாது என்று இரண்டு நாள் காத்திருந்து அந்த மீனையே பிடித்தான். மீன் நம்ம கோயில் மணிக்கூண்டு உயரம். அதன் வயிற்றுக்குள் பக்கெட் மட்டுமல்ல, போன வருஷம் காணாமல் போன வேறொரு கப்பலின் நங்கூரமும் இருந்தது.

"சாப்பாடெல்லாம் எப்படி?" என்றான் இன்னாசி.

"அந்த மீனத்தான் கொழம்பு வச்சி..."

"அவனுக்கு மீனு ஆவாதே. ஒடம்பெல்லாம் தடிச்சிடும்."

வாயில் வந்த மீனை அப்படியே முழுங்கினேன். "அதுக்குத்தான் கப்பல்ல கோழி வளக்கறாங்க. நம்ம ஆளுன்னு அவனுக்கு மட்டும் தனியா முட்டை."

"எத்தினி?"

"ரெண்டு."

"ரெண்டு போதும்" என்றான். பின்னால் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். தூங்கிவிட்டான் என்று நினைத்து எழுந்தேன். கண்ணைத் திறக்காமலே, "தூங்கறதுக்கு எடம் வசதியா கீதா?" என்று கேட்டான். கட்டில், மெத்தை, ஃபேன் எல்லாம் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

என் சாமர்த்தியத்தில் எனக்கே கர்வம் வந்துவிட்டது. கிரேஸ் மேரி மட்டும், "தே மனுசா, அந்தக் கப்பல்ல எனுக்கும் ஒரு எடம் போடு. இங்க வேல செஞ்சி மாளல" என்பாள்.

அவளுக்கு வேலை கூடியது கிரைண்டரால். காசம்மாள் வீட்டில் கிரைண்டர் உண்டு, நன்றாகவே ஓடும். ஆனாலும் ஒருநாள் அரிசி உளுந்தை ஊறவைத்துத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். "எங்க வூட்டுது ரிப்பேரு" என்றாள். எங்கள் கிரைண்டர் கரும்பு மெஷின் மாதிரி சத்தம் போடும். அது பின்கட்டில் இருக்கிறது. அங்கே அலமாரியில் அரிசிப் பானைக்குப் பின்னால் லியோவின் படத்தை ஒளித்து வைத்திருந்தோம். அவள் வீட்டில் மாட்ட முடியாதே. ஸ்விட்சைப் போட்டாள். கல் சுற்ற ஆரம்பித்ததும் பானையை நகர்த்தினாள். அப்புறம் அவள் போட்ட சத்தம் கிரைண்டருக்கு வெளியே வரவில்லை. நாங்கள் முன்கட்டில் உட்கார்ந்திருந்தோம். கிரைண்டர் மட்டும்தான் கேட்டது. மாவு அரைந்த பிறகும் கேட்டது.

மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். சாமியார் திடம் என்றாரே, அது எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒன்றரை மணிநேரம் கரெண்டில் ஓடியது.

தினம் மாவு அரைத்தால் தினம் என்ன ஆகும்? இட்லி ஆகும். எங்கள் வீட்டில் இட்லி, பக்கத்து வீட்டில் இட்லி, தெருவில் யார் வீட்டுக் கதவைத் தட்டினாலும் தூக்கில் மாவு வைத்திருப்பார்கள். எங்கள் தெரு நாய் அரிசிச்சோறு வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிற்று. அது பொய் இல்லை, வேண்டுமானால் கிரேஸ் மேரியைக் கேளுங்கள். இன்னாசியும் காலையும் ராத்திரியும் இட்லிதான் சாப்பிட்டான். அவனுக்கு இட்லி பிடிக்காது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பிடிக்காது. அதைப் பற்றி ஒரு வார்த்தை அவன் சொல்லவில்லை. நான்கூட அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆபரேஷன் ஆனவன், டாக்டர் சொல்லியிருப்பார் என்று விட்டுவிட்டேன்.

ஐப்பசி வந்தது. எங்களுக்குக் கல்லறைத் திருநாள் நவம்பர் இரண்டு. அதற்கு முந்தின நாட்களில் ஊர் முழுக்கக் கல்லறைத் தோட்டத்தில்தான் இருக்கும். புல் செதுக்கி, செங்கல் கட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து, சிலுவைக்குப் பெயிண்ட் வைத்து, திருநாளன்று பூவும் மெழுகுவத்தியுமாகப் போவார்கள். சாமியார் ஒவ்வொரு குழியாக மந்திரித்துக்கொண்டு வருவார். இன்னாசி தன் அப்பன் ஆத்தாளின் கல்லறைக்கு வருஷா வருஷம் தன் கையால்தான் சுண்ணாம்பு அடிப்பான். கூலிக்கு ஆள் வைக்க மாட்டான்.

திருநாளுக்கு முந்தின நாள் காலையில் மழை விட்டு வெயில் அடித்தது. காசம்மாள் ஓட்டமும் நடையுமாக எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணே, சுண்ணாம்பு நனைய வச்சிட்டாருண்ணே. கல்லறைக்குப் போவணும்னு கெளம்பறாரு. நான் தடுத்தா சந்தேகம் வந்துடும். நீ எதுனா சொல்லி நிறுத்து."

போனேன். இன்னாசி வாசலில் சட்டை போட்டு நின்றிருந்தான். கையில் பிரஷ். காலடியில் வாளி.

"கல்லறைக்கா போற? வேணாண்டா. கதண்டு கட்டியிருக்குது" என்றேன். கதண்டு தெரியும்தானே, கட்டைவிரல் பருமன் குளவி. "நம்ம கேட்டாண்ட பனமரத்துல கூண்டு. சின்னக் கூண்டு இல்ல, நெல்லுக் குதிரு மாதிரி. நேத்து ஒரு ஆட்டைத் தூக்கிகினு பூடுச்சி. நான் பாத்தேன். ஆடு மேல போவும்போது கீழ பாத்து மேஏன்னுது."

"ஆட்டத் தூக்குச்சா?"

"வெள்ளாடு."

"அப்ப வா, போயி பாத்துட்டு வரலாம்" என்றான். "வாளிய நீ தூக்கு. என்னால தூக்க முடியாது."

அவன் நடக்க ஆரம்பித்துவிட்டான். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். திரும்பிப் பார்த்தேன். காசம்மாள் வாசலில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். அவனுக்கு நாலெட்டுக்கு ஒருமுறை நிற்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறை நின்றபோதும் நான் ஒரு காரணம் சொன்னேன். கேட் பூட்டியிருக்கிறது என்றேன். தண்ணீர் நிற்கிறது என்றேன். "ம்" என்றான். மறுபடி நடந்தான்.

பனைமரத்தைத் தாண்டும்போது மேலே அண்ணாந்து பார்த்தான்.

கல்லறைத் தோட்டத்தில் அங்கங்கே ஆட்கள் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் மண்வெட்டிகள் நின்றன. நான் கண்ணைக் காட்டினேன். ஒவ்வொருவராக நழுவிப் போனார்கள். இன்னாசி நேராகத் தன் குடும்பத்துக் குழிக்கு வந்தான். நாலு பக்கமும் செங்கல் கட்டு, தலைமாட்டில் சிலுவை. நடுவில் புது மண். மழையில் ஒரு ஜாண் உள்ளே இறங்கியிருந்தது.

நான் ஆரம்பித்தேன். "மழையில இந்த வருஷம் எல்லா குழியும் இப்பிடித்தான் சரிஞ்சி..."

"அமிர்தம்."

"இன்னாடா?"

"போதும்டா."

வாளியைக் கீழே வைத்தேன். அவன் மெதுவாக, ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, செங்கல் கட்டில் உட்கார்ந்தான். உள்ளங்கையை அந்த மண்ணின்மேல் வைத்தான். மாட்டுக்குக் காய்ச்சலா என்று பார்ப்பது மாதிரி வைத்தான். ரொம்பநேரம் கையை எடுக்கவில்லை.

"எப்பத்திலேர்ந்து தெரியும்?" என்றேன்.

"ஆஸ்பத்திரிலியே. கட்டில்ல கெடக்கிறவனப் பாக்க வர்றவன் மொதல்ல இன்னா கேப்பான்? பையன் எங்க, கூடக் கீறானா, டீ வாங்கப் போயிருக்கானான்னு கேப்பான். ஊர்ல ஒருத்தன் பாக்கியில்லாம வந்தான். ஒருத்தனும் கேக்கலியே. எல்லாரும் மழையப் பத்தியே பேசறான். அப்பவே தெரிஞ்சிபூட்டுது."

ஊரைக் கூட்டி ஒரே பேச்சில் நிறுத்தியவன் நான். நல்ல வேலை செய்தேன்.

"அப்பறம் ஏண்டா கேட்டுகினு இருந்த, என் கப்பல?"

"நீ சொல்றப்ப அவன் சாப்புட்டுகினு இருந்தான்டா" என்றான் இன்னாசி. "கட்டில்ல படுத்துகினு இருந்தான். அந்த ஒரு மணிநேரம்."

நான் பக்கத்துக் கல்லறையில் உட்கார்ந்தேன். அது என் சித்தப்பாவுடையது. அவர் ஒன்றும் சொல்லமாட்டார்.

"உனுக்குத் தெரியும்னு காசம்மாவாண்ட சொல்லியிருக்கலாமே. அவ பின்கட்டுல..."

"தெரியும். மாவு அரைக்கப் போறேன்னு போவா. கண்ணு வீங்கிகினு வருவா. வந்து மூஞ்சியத் தொடச்சிகினு, 'லியோ போன் பண்ணானாம், அமிர்தண்ண சொன்னாரு'ன்னு சிரிப்பா. சிரிக்கிறாடா. என்னக் காப்பாத்தறேன்னுதான் அவ எழுந்து நடக்கறா, ஒல வைக்கறா. எனுக்குத் தெரியும்னு சொல்லிட்டா அந்த வேலையும் பூடும். அப்பறம் அவ எதப் புடிச்சிகினு நிப்பா? அதான் இட்லியத் தின்னுகினு இருந்தேன்."

அப்புறம் அவன் மண்ணிலிருந்து கையை எடுத்தான்.

"எம் புள்ளைய எடுத்தப்ப நான் இல்ல. நீ இருந்த. எப்பிடி எடுத்தாங்கன்னு சொல்லு. ஒரு சொல்லும் சேக்காம சொல்லு. நெஜத்த நான் கேக்கற மொதல் தபா இது, உன்னாண்ட."

கோழியையும் மீனையும் சொன்ன வாய்க்கு நடந்ததை எந்தப் பக்கத்திலிருந்து பிடிப்பது என்று தெரியவில்லை. மெல்ல ஆரம்பித்தேன். வில்லியனூரில் வாங்கிவந்த பெட்டி நீளம் போதவில்லை, திருப்பி அனுப்பி வேறு பெட்டி வந்தது, அதனால் எடுக்க நேரமாயிற்று என்றேன். இன்னாசி தலையாட்டினான். பையன் உயரம் அவனுக்குத் தெரியும். மாதா திருவிழாவுக்கு எடுத்த நீலக் கட்டம் போட்ட சட்டைதான் போட்டோம் என்றேன். முகத்தில் இடது பக்கம் மட்டும் துணி போட்டு மூடியிருந்தது, வலது பக்கம் ஒரு கீறல்கூட இல்லை என்றேன். அப்போது மட்டும் அவன் மூச்சை இழுத்தான். "அப்பால?" என்றான்.

"கோயில்லேர்ந்து வெளிய வந்தா, ரோட்டோரமா ஜேசிபியா நிக்கிது. அவன் கூட ஓட்டறவங்க. கரிக்கலாம்பாக்கம், ஏம்பலம், நெட்டப்பாக்கம், எங்கெங்கேர்ந்தோ வேலய வுட்டுட்டு மெஷினோட வந்துட்டானுங்க. கோயில்லேர்ந்து இந்த கேட்டு வரைக்கும் வரிசயா. எல்லாம் பக்கெட்ட மேல தூக்கிகினு நிக்கிது. பெட்டி தாண்டத் தாண்ட, ஒவ்வொண்ணா பக்கெட்ட தரையில எறக்குச்சி. ஹாரன் இல்ல, ஒண்ணு இல்ல. ஆன மண்டி போடற மாதிரி. ஆன மாதிரின்றது சேக்கறதுல வராதில்ல?"

இன்னாசி என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் அதுவரை திறந்திருந்த ஏதோ ஒன்று மூடிக்கொண்டது.

"வேணாண்டா அமிர்தம்" என்றான். "இன்னிக்கி ஒரு நாளு வேணாம்."

"டேய், நெஜம்டா."

"எனுக்கு நல்லா இருக்கணும்னு சொல்ற. புரியிது. நான் அதக் கேக்கல."

"மாதா சத்தியமா. இந்தா, எங்க சித்தப்பா மேல சத்தியமா!"

நான் சொன்ன எந்தப் பொய்க்கும் இதுவரை சத்தியம் செய்தது கிடையாது. தேவைப்பட்டதும் இல்லை. இப்போது கல்லறைத் தோட்டத்தில் நின்று சத்தியம் பண்ணுகிறேன், அவன் சிலுவையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஒரு படம் இருந்தால் போதும். ஊரில் யார் போனிலாவது அரை நிமிஷம் இருந்தால் போதும். எல்லாவற்றையும் நான்தானே கோயில் வாசலில் நின்று அழிக்க வைத்தேன். அந்த ஜேசிபிகள் ஒவ்வொன்றும் அங்கே நின்றன. பார்த்தவர்களையும் இப்போதுதான் கண்ணைக் காட்டி அனுப்பியிருந்தேன். அதைச் சொல்ல அங்கே மிச்சமிருந்தது என் வாய் மட்டும்தான்.

கேட் கிரீச்சிட்டது. காசம்மாள் வந்துகொண்டிருந்தாள். பாதி வழியில் நின்றாள். நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.

"வா காசம்மா" என்றான் இன்னாசி. "மண்ணு எறங்கியிருக்குது. பக்கத்துல வந்து பாரு."

அவள் வந்தாள். எப்படி வந்தாள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. வந்து அவன் எதிரில் குழியின் அந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

"தெரியுமாய்யா உனுக்கு?"

"ம்."

"எப்பத்திலேர்ந்து?"

"நீ மாவு அரைக்க ஆரம்பிக்கறதுக்கு முந்தியே."

"அப்ப அந்த இட்லி..."

"தின்னேன்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் கையை எடுத்துவிட்டாள். நான் ஊரில் எத்தனையோ சாவுக்குப் போயிருக்கிறேன். அந்த அழுகையை முன்கட்டில் உட்கார்ந்து நாங்கள் ஒருநாள்கூடக் கேட்டதில்லை. பனைமரத்திலிருந்த காக்கைகள் எழுந்து போயின. இன்னாசியும் அழுதான். தையல் போட்ட நெஞ்சு குலுங்கக்கூடாது என்று இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு அழுதான். நான் வாளியில் இருந்த சுண்ணாம்பைக் கலக்கிக்கொண்டிருந்தேன். அது கலங்கித்தான் இருந்தது.

ரொம்பநேரம் கழித்து அவன் கேட்டான்.

"ஜேசிபியெல்லாம் வந்து வரிசயா நின்னுச்சாமே. இவன் சொல்றான். நெஜமா?"

காசம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். யோசித்தாள். இவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"நான் பாக்கலய்யா" என்றாள்.

"பாக்கலியா?"

"காலர் பட்டன் போடாம வுட்டுட்டாங்க. அவனுக்கு அது பட்டன் போட்டாதான் புடிக்கும். அத நான் போட்டேன். அப்பறம் மூடிட்டாங்க. அதுக்கப்பறம் நான் ரோட்ட பாக்கல, மனுசாள பாக்கல. உனுக்குத் தெரியக்கூடாது, உனுக்குத் தெரியக்கூடாதுன்னு அதையேதான் சொல்லிகினு நடந்தேன். எந்த வழியா வந்தோம்னுகூடத் தெரியல."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, மெஷினெல்லாம் வந்துச்சா? ஒருத்தரும் எனுக்குச் சொல்லலியே."

எப்படிச் சொல்வார்கள்? அந்தப் பெயரையே எடுக்கக்கூடாது என்று நான் அல்லவா உத்தரவு போட்டிருந்தேன். பெற்ற இரண்டு பேரும் பிள்ளையை எடுத்ததைப் பார்க்கவில்லை.

"வந்துச்சும்மா" என்றேன்.

"யாரு யாரு வந்தா? பக்கிரி வந்தானா? அவன் கூடத்தான் எப்பவும் சுத்துவான்."

"பக்கிரிதான் மொதல்ல நின்னான். கேட்டாண்ட. பக்கெட்ட எறக்கிட்டு, எறங்கி வராம, மெஷினுக்குள்ளியே ஸ்டீரிங் மேல தலைய வச்சிகினு கெடந்தான். பின்னாடி வண்டிங்கல்லாம் வழி கெடைக்காம நின்னுச்சி. ஒருத்தனும் அவன எழுப்பல."

இன்னாசி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கிரி அப்படித்தான் செய்வான் என்று அவனுக்குத் தெரியும். பொய் சொல்கிறவனுக்கு அது தோன்றாது என்றும் தெரிந்திருக்கும். அவன் நிமிர்ந்து பனைமரத்துப் பக்கம், கேட்டுக்கு வெளியே ரோட்டைப் பார்த்தான். அங்கே ஒன்றும் இல்லை. ஒரு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. அவன் கண் அதில் நிற்கவில்லை, கோயில்வரைக்கும் அந்த ஓரமாகவே போயிற்று, ஒவ்வொரு மெஷினாக.

"எல்லாம் எறக்குச்சா?" என்றான்.

"எல்லாம்."

"மொதல்லேர்ந்து சொல்லுண்ணே" என்றாள் காசம்மாள். "நாங்க ரெண்டு பேரும் கேக்கறோம்."

சொன்னேன். கையில் சும்மா இருந்த பிரஷ்ஷை இன்னாசி சுண்ணாம்பில் தோய்த்து, உட்கார்ந்தபடியே செங்கல் கட்டுக்கு அடிக்க ஆரம்பித்தான். கை எட்டாத இடத்துக்கு அவள் பிரஷ்ஷை வாங்கி அடித்தாள். நடுநடுவே கேட்டார்கள். எந்தப் பாட்டுப் பாடினார்கள், யார் தோள் கொடுத்தது, தூறல் போட்டதா, காலில் செருப்பு இருந்ததா என்று. தெரிந்ததைச் சொன்னேன். செருப்பு இல்லை என்று சொல்லவேண்டி வந்தபோது கஷ்டமாக இருந்தது. அதையும் சொன்னேன்.

"பெட்டிய எறக்கும்போது தலமாட்டுல யாருண்ணே கயிறு புடிச்சா?" என்று காசம்மாள் கேட்டாள்.

அந்த இடத்தில் யாரையாவது நிறுத்தியிருக்கலாம். நல்ல ஆளாகப் பார்த்து, பிள்ளையைத் தூக்கி வளர்த்த ஆளாகப் பார்த்து நிறுத்தியிருக்கலாம். என்னையேகூட நிறுத்தியிருக்கலாம்.

"தெரியலம்மா" என்றேன். "நான் அந்தாண்ட திரும்பிகினு நின்னேன். பாக்க முடியல."

அவள் மண்ணைப் பார்த்தாள். இன்னாசி வாளியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"சரி, அத வுடு" என்றான். "அப்பால?"